பழைய லேப்டாப்பை விற்கும் முன்

அன்புள்ள கயல்,

லேப்டாப்பை விற்கப் போகிறாய், ஃபைல்களை எல்லாம் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். விலை பேசி முடித்திருந்தாலும் இரண்டு நாள் பொறு.

ஃபைலை அழித்தால் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகைதான் கழலும். குடித்தனம் உள்ளே அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் வேறு ஃபைல் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது போகாது.

போன வருஷம் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். கை கழுவிவிட்டு வந்தால், யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்புப் படங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு பான் கார்டு. மேலே பார்க்க மனசு வரவில்லை, நிறுத்திவிட்டேன். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் இப்படி 158 பழைய டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். வேலை செய்த 129-ல் ஒழுங்காகத் துடைத்திருந்தவை 12 மட்டுமே.

எப்படித் துடைப்பது என்பது டிஸ்க்கின் வகையைப் பொறுத்தது. உன் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது ஹார்ட் டிஸ்க். அதன்மேல் முழுக்க ஒருமுறை வேறெதையாவது எழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனை முறை வீண் என்று பிறகு அவரே எழுதிவிட்டார். ஜனங்கள்தான் இன்னும் விடவில்லை.

உன்னுடையது எஸ்எஸ்டி. அங்கே இந்த வித்தை பலிக்காது. செல்கள் சீக்கிரம் தேயக்கூடாது என்று அதன் கன்ட்ரோலர் இடம் மாற்றி மாற்றி எழுதும். பழைய ஃபைலின் மேல் எழுதுகிறோம் என்று நீ நினைப்பாய். அது அடுத்த அறையில் எழுதியிருக்கும். அதனால் எஸ்எஸ்டி கம்பெனியே தரும் 'செக்யூர் எரேஸ்' வசதியைப் பயன்படுத்து. சில லேப்டாப்களில் பயாஸிலேயே இருக்கும். இரண்டும் இல்லையென்றால், கழற்ற முடிகிற டிஸ்க்கானால், அதைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடு. விலை குறைந்தால் குறையட்டும்.

புது லேப்டாப்பில் முதல் நாளே, டிஸ்க் முழுவதையும் ஒரு சாவியால் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் போட்டுவிடு. அப்புறம் விற்கும்போது சாவியை அழித்தாலே உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. அதுவரை அதன் ரெகவரி கீயை மட்டும் பத்திரமாக எழுதி வை.

பாட்டியின் படங்களைக் காப்பி எடுத்துவிட்டாயா? முதலில் அதைச் செய். செக்யூர் எரேஸ் ஒழுங்காக முடிந்த டிஸ்க்கிலிருந்து ஃபோட்டோரெக்காலும் ஒரு படத்தைக்கூட மீட்க முடியாது.

அன்புடன்,
மாமா