ஈஸ்ட்டுக்குள் ஒரு கத்தரிக்கோல்

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை அறிவீர்கள். அதற்குள் ஜீன்களை (மரபணுக்களை) வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. இன்று பேசப்படும் 'ஜீன் திருத்திய' விதைகளைப் புரிந்துகொள்ள இதை அறிவது நல்லது.

இடைத்துண்டு என்பது என்ன?

ஜீன் என்பது நான்கே எழுத்துகளால் ஆன குறிப்பு. சில ஜீன்களின் நடுவே 'இன்ட்ரான்' எனும் இடைத்துண்டு இருக்கும். குறிப்பைப் படியெடுத்ததும் உயிரணு இதை நீக்கிவிடும். ஆகவே இது பதர் என்று தோன்றலாம். ஆனால் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஓர் இடைத்துண்டு, வெட்டும் நொதியையே உண்டாக்குகிறது. பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஜாக்கியே, டூஜோன் ஆகியோர் 1985-ல் இதை விளக்கினர். நொதியின் பெயர் ஐ-எஸ்சிஇ-1.

வேலை செய்யும் விதம்

இடைத்துண்டு உள்ள ஈஸ்ட்டையும் இல்லாததையும் கலப்புச் செய்தால், சந்ததியில் பாதிக்குப் பாதி வருவதில்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் இடைத்துண்டு வந்துவிடுகிறது. காரணம், துண்டு இல்லாத ஜீனை நொதி வெட்டுகிறது. உயிரணு, துண்டு உள்ள ஜீனைப் பார்த்து வெட்டைச் சரிசெய்கிறது. பக்கத்து நாற்றைக் கொண்டு பாடுவாசி நிரப்புவது போல, இடைத்துண்டும் புது இடத்தில் வந்து அமர்கிறது.

இந்நொதி 18 எழுத்துகள் வரிசையாக அமைந்த இடத்தில் மட்டுமே வெட்டும். அவ்வரிசை தற்செயலாக வர ஏறத்தாழ 6,900 கோடி எழுத்துகள் வேண்டும். நெல்லின் மொத்த எழுத்துகளோ சுமார் 40 கோடிதான்!

பயிருக்கு என்ன தொடர்பு?

1990-களில், இந்த 18 எழுத்து வரிசையைப் புகையிலையில் முன்கூட்டியே வைத்து, நொதியால் வெட்டிப் பார்த்தனர். வெட்டு விழுந்த இடத்தில் விரும்பிய ஜீன் சேரும் வாய்ப்பு பன்மடங்கு உயர்ந்தது. குறித்த இடத்தில் வெட்டினால் செடியே சரிசெய்துகொள்ளும் என்ற பாடம் உறுதியாயிற்று. ஆனால் ஈஸ்ட் நொதியை வேறு இடத்தில் வெட்டப் பழக்குவது கடினம். 2012-ல் வந்த கிரிஸ்பர் முறை அக்குறையைப் போக்கியது. 2025 மே மாதம் நம் நாட்டில் அறிவிக்கப்பட்ட, சம்பா மசூரியிலிருந்து உருவான 'கமலா' நெல் கிரிஸ்பர் முறையில் வந்ததே.

இத்தகைய விதையை வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தக் குணம் மாற்றப்பட்டது? வேற்று உயிரின் ஜீன் விதையில் தங்கியுள்ளதா? வெட்டித் திருத்துவது வேறு, வெளி ஜீனைச் சேர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்த உழவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.