முதன்முதலாகக் கணினிப் பாடம் எழுதியவருக்குத் திருத்தம் சொல்ல...

கல்லூரியில் படிக்கும் மகளோ அக்கா மகனோ, பைத்தான் நிரல்மொழியைப் புதியவர்களுக்குக் கற்றுத்தர ஒரு பாடம் எழுதி, 'படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க' என்று நீட்டினால், இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

1. படித்ததோடு நிறுத்தாமல், பாடத்தில் உள்ள வரிசைப்படி நீங்களே செய்து பாருங்கள். பைத்தான் இதுவரை நிறுவாத கணினி கிடைத்தால் மிகவும் நல்லது. எழுதியவரின் கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால், விடுபட்ட படி அவர் கண்ணில் படவே படாது. விண்டோஸில் நிறுவும்போது திரையின் அடியில் 'பாத்' என்று முடியும் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் செய்யாவிட்டால், பிறகு கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று அடித்தாலும் ஓடாது. பலர் முதல் நாளிலேயே கைவிடுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். இதை நீங்கள் பிடித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

2. சிக்கிய இடத்தை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 'ஒண்ணும் புரியலை' என்றால் எழுதியவருக்கு எதைத் திருத்துவதென்று தெரியாது. எத்தனையாவது படி, என்ன செய்தீர்கள், திரையில் என்ன பிழைச்செய்தி வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள்.

3. நன்றாக வந்த இடத்தையும் அதே அளவு துல்லியமாகச் சொல்லுங்கள். 'லூப்புக்குக் கொடுத்த பெருக்கல் வாய்ப்பாடு உதாரணம் உடனே புரிந்தது' என்று சொன்னால், திருத்தும்போது அந்த இடத்தில் கைவைக்க மாட்டார்.

4. எல்லாப் பிழையும் ஒரே எடையுள்ளது அல்ல. பாடத்தை ஓடவிடாத பிழைகளை முதலில் சொல்லுங்கள். பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதியிருந்தால், அது பைத்தான் 2 முறை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பைத்தான் 3-இல் அது பிழைதான். வேர்டில் எழுதிய பாடமென்றால் மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். வேர்டு அவற்றைத் தானாகவே வளைத்துவிடும். நகலெடுத்து ஒட்டினால் பைத்தான் ஏற்காது.

சத்தமில்லாமல் தவறான விடை தரும் பிழை இன்னும் மோசம். பயனரிடம் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலில் 5, 3 என்று கொடுத்துப் பாருங்கள். 8-க்குப் பதில் 53 வந்தால், உள்ளீட்டை எண்ணாக மாற்றும் படி விட்டுப்போயிருக்கிறது. இன்புட் கட்டளை தருவது எப்போதும் எழுத்துச் சரம். பைத்தான் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. புதிதாகக் கற்பவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பாவம் வேண்டாம்.

5. எழுத்துப்பிழைகளைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். பேச்சில் இழுக்க வேண்டாம்.

6. ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி, கோப்புப் பாதையில் சொந்தப் பெயர் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். இதற்கு மட்டும் தயக்கமே கூடாது.

7. 'இது ரொம்ப ஈஸி', 'எல்லாருக்கும் தெரிந்ததுதான்' போன்ற வரிகளை எடுக்கச் சொல்லுங்கள். அங்கே தடுமாறுகிற வாசகருக்கு அவை வலிக்கும்.

8. பத்திகளை நீங்களே மாற்றி எழுதித் தராதீர்கள். 'இந்த இடத்தில் வாசகருக்கு ஃபங்ஷன் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா?' என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். விடையை அவரே கண்டுபிடித்தால், அடுத்த பாடத்திலும் அது நினைவில் நிற்கும். 'கிளாஸையும் சேர்த்துவிடேன், டேட்டாபேஸையும் சேர்த்துவிடேன்' என்று பாரம் ஏற்றவும் வேண்டாம். எடுத்துக்கொண்ட ஒன்றை அவர் ஒழுங்காக முடிக்கட்டும்.

9. விருந்தாளிகள் முன்னால் பேசாமல், இருவருமாகக் கணினி முன் உட்கார்ந்து பேசுங்கள்.

10. திருத்திக் கொண்டுவந்ததும் மாற்றிய வரியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். முன்பு உருவாக்கிய கோப்புகளை அழித்துவிட்டு, முதல் படியிலிருந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் மாறிக்குப் பெயர் மாற்றினால், கீழே பழைய பெயரே தங்கிவிடுவது வழக்கம்.