லினக்ஸ் கணினிக்கும் காவல் வேண்டும்

பினாங்கில் தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் நன்கொடை தருவோர் பலர். அவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் யாவும் இன்று கணினியில் ஏறிவிடுகின்றன. செலவில்லாமல் கிடைப்பதால் சிலர் அக்கணினியில் லினக்ஸை நிறுவுகிறார்கள். "லினக்ஸை எதுவும் அண்டாது" என்று சொல்வாரும் உண்டு. அது முழு உண்மையன்று. லினக்ஸில் பயன்படும் 'பாஷ்' என்னும் மென்பொருளில் 1989 முதல் மறைந்திருந்த ஓட்டை ஒன்று, 2014 செப்டம்பரில்தான் வெளிப்பட்டது. திருத்தத்தை உடனே ஏற்ற வேண்டியிருந்தது.

ஆகவே 'உபுண்டு' லினக்ஸைப் புதிதாக நிறுவும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மடிக்கணினியானால், நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யுங்கள். இல்லையேல், திருடியவன் வட்டைக் கழற்றி, கடவுச்சொல் இன்றியே படித்துவிடுவான்.

2. இணையத்தில் இணைத்ததும், முதல் வேலையாகப் புதுப்பிப்புகள் அனைத்தையும் ஏற்றுங்கள்.

3. 'யூ.எஃப்.டபிள்யூ.' என்னும் தீச்சுவர் உபுண்டுவிலேயே உண்டு. ஆனால் அது தானாக இயங்காது; நாம்தான் இயக்க வேண்டும்.

4. கணினியைப் பலர் பயன்படுத்தினால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தாருங்கள். நிர்வாக அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

5. கண்ட இடத்திலிருந்து மென்பொருளை இறக்காதீர்கள். உபுண்டுவின் களஞ்சியமே போதும்.

6. வாரந்தோறும் வெளிவட்டில் நகல் எடுத்து, வட்டைக் கழற்றிப் பூட்டி வையுங்கள்.

இவற்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். உண்டியலுக்குப் பூட்டுப் போடுகிறோம். கொடுத்தவரின் விவரங்களுக்கும் அதே காவல் வேண்டுமல்லவா?