சாம்பலை அளந்த கதை

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்திராவில் எரிந்த காடுகளின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 500-க்கு மேல் உயர்த்தியிருந்தது.

ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர், அதே சுமத்திராவிலிருந்து சாம்பல் வந்தது. தோபா எரிமலை வெடித்துச் சிதறியது. வெடித்த இடம் உள்வாங்கி உருவான பெரும் பள்ளத்தில்தான் இன்றைய தோபா ஏரி இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அன்று பொழிந்த சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும், நமக்கு அருகிலுள்ள அம்பாங், செர்டாங் பகுதிகளிலும் மண்ணுக்கடியில் கண்டெடுக்கப்பட்டுள்ளது.

யாரும் நேரில் பாராத அந்த வெடிப்பில் எவ்வளவு சாம்பல் வெளிப்பட்டது? பரப்பளவைத் தடிப்பால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். சிலாங்கூரின் பரப்பளவு ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டர். அதன் மீது 10 சென்டிமீட்டர் தடிப்புக்குச் சாம்பல் படிந்தால், அது 0.8 கன கிலோமீட்டர் ஆகும். ஆனால், சாம்பல் எங்கும் ஒரே தடிப்பில் விழுவதில்லை. எரிமலையை விட்டு விலக விலக மெலிந்துகொண்டே போகும். ஆகவே, ஆய்வாளர்கள் பல இடங்களில் தோண்டி அளந்து, ஒரே தடிப்புள்ள இடங்களை வரைபடத்தில் கோடுகளால் இணைக்கிறார்கள். கோடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறார்கள். கடலில் விழுந்த சாம்பலை அறிய, கடலடியைத் துளையிட்டு மண்ணை எடுக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஆந்திராவின் ஜ்வாலாபுரம் தோபாவிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே சாம்பல் 2 மீட்டருக்கும் அதிகமான தடிப்பில் கிடக்கிறது! இவ்வளவு தொலைவில் இவ்வளவு சாம்பலா? உண்மையில், வானிலிருந்து நேராக விழுந்தது அடியிலுள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே. மற்றது மழைநீர் மேட்டிலிருந்து அடித்துவந்து பள்ளத்தில் சேர்த்தது. இதைப் பிரித்தறியாமல் பெருக்கினால் விடை பல மடங்கு வீங்கிவிடும். மாறாக, மழை முற்றிலும் கழுவிச் சென்ற இடத்தில் மட்டும் அளந்தால், சாம்பலே விழவில்லை என்று தோன்றும். லெங்கோங்கிலும் சில இடங்களில் சாம்பல் தடித்திருப்பதற்கு ஆற்றுநீரே காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாவை டின்னில் கொட்டித் தட்டினால் மட்டம் இறங்குகிறதல்லவா? சாம்பல் துகள்களுக்கிடையிலும் அப்படித்தான் காற்று நிறைந்திருக்கும். அதனைக் கழித்து, கெட்டியான பாறையாக இருந்தால் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு வெறும் எண் விளையாட்டன்று. வெடிப்பின் அளவு தெரிந்தால்தான் அன்றைய மனிதர் எத்தகைய பேரிடரைச் சந்தித்தனர் என்று ஊகிக்க முடியும். ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருப்பதால், இக்கேள்வி இன்றும் விவாதிக்கப்படுகிறது.

எரிமலையைச் சுற்றிக் குவிந்த படிவுகளையும் சேர்த்து, 1980-களில் செய்த மதிப்பீடு 2,800 கன கிலோமீட்டர். 2014-இல் காற்றின் போக்கையும் கணினியில் கணக்கிட்ட ஆய்வு, 5,300 என்றது. குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டு சிலாங்கூர் முழுவதும் பரப்பினாலும், அது 350 மீட்டர் உயரத்திற்கு நிற்கும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர்.