வெண்பனியை அளக்கும் மிதவை

மார்கழிப் பனிக்கும் இமயமலைப் பனிக்கும் தமிழில் சொல் ஒன்றுதான். குழப்பம் வராதிருக்க, வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதை வெண்பனி என்றும், கடல்நீர் உறைந்து உண்டாவதைப் பனிக்கட்டி என்றும் இங்கே எழுதுகிறேன்.

வட துருவத்தில் நிலம் கிடையாது. உறைந்த கடலே பனிக்கட்டியாக மிதந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் பக்கம் நகர்கிறது. அதன்மேல் படியும் வெண்பனி, கம்பளிபோல் வெப்பத்தைத் தடுக்கிறது. வெண்பனி ஆழமாக இருந்தால், குளிர்காலத்தில் அடிப்பக்கம் புதுப் பனிக்கட்டி வளர்வது குறையும். ஆகவே அதன் ஆழம் தெரிந்தாக வேண்டும்.

1954 முதல் 1991 வரை சோவியத் மிதக்கும் நிலையங்களில் ஆட்களே கோல் ஊன்றி அளந்தார்கள். இப்போது ஆளில்லாத மிதவைகளும் அளக்கின்றன. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிலையம் பயன்படுத்தும் மிதவையில், பனிக்கட்டியில் நட்ட கம்பத்தின் உச்சியில் நான்கு ஒலிக்கருவிகள் கீழ்நோக்கி இருக்கும். காதுக்குக் கேளாத ஒலி கீழே போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. காற்று வெண்பனியை ஓரிடத்தில் குவித்து, ஓரிடத்தில் வாரிவிடும். அதனால்தான் நான்கு கருவிகள். அளவுகளும் மிதவை நிற்கும் இடமும் செயற்கைக்கோள் வழியே வந்து சேரும்.

ஒலியின் வேகம் 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். மைனஸ் 30 டிகிரியில் சுமார் 313 மீட்டர்தான். இதைத் திருத்தாவிட்டால் 150 செ.மீ. தூரம் ஏறக்குறைய 159 செ.மீ. என்று வரும்!

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. மிதவையை நட்ட அன்று வெண்பனி 20 செ.மீ., கருவியிலிருந்து தூரம் 150 செ.மீ. இன்று தூரம் 118 செ.மீ. எனில், வெண்பனி எவ்வளவு? 52 செ.மீ. என்பீர்கள். கணக்கு சரி. ஆனால் தென் துருவக் கடலில், வெண்பனியின் பாரத்தால் பனிக்கட்டி அமிழ்ந்து, கடல்நீர் மேலேறி, அடி வெண்பனி உறைந்துவிடுவதுண்டு. அப்படி 10 செ.மீ. உறைந்திருந்தால் மீதி வெண்பனி 42 செ.மீ.தான். ஒலிக்கருவிக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும். அடியில் நடந்தது தெரியாது. அதற்காகவே வேறுவகை மிதவைகளில் மேலிருந்து கீழாக வெப்பமானிச் சரம் தொங்கவிடப்படுகிறது.

இந்த 10 செ.மீ.யை அற்பம் என்று விட முடியாது. லேசர் கொண்ட செயற்கைக்கோள், நீருக்கு மேலே தெரியும் உயரத்தைத்தான் பார்க்கிறது. அதிலிருந்து முழுத் தடிமனைக் கணக்கிடும்போது, வெண்பனியில் 10 செ.மீ. பிழை, பனிக்கட்டித் தடிமனில் அரை மீட்டருக்கும் மேல் பிழையாகிவிடும். துருவப் பனிக்கட்டி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று நாம் படிக்கும் கணக்கு, இந்த அளவையும் நம்பித்தான் இருக்கிறது.