கம்பமெட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

கேள்வி: அமெரிக்காவில் சீனர் குடியிருப்புகளைத் தாக்கினார்களாமே, நம் நாட்டில் அப்படி நடந்ததுண்டா? (வாசகர், கம்பம்)

பதில்: 1871-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே இரவில் 18 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். 1882-ல் சீனத் தொழிலாளர் உள்ளே வரவே தடைச் சட்டம் போட்டார்கள். இந்தியாவும் சளைத்ததல்ல. 1962 இந்திய-சீனப் போரையொட்டி, அசாம், வங்காளம் பக்கம் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2011 டிசம்பரை தேனிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பத்திலும் போடியிலும் விடியும் முன்னே தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்புவது அன்றாடக் காட்சி. முல்லைப் பெரியாறு அணை தொடர்பாகத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான விவகாரம் முற்றியதும் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். பலர் பிள்ளைகுட்டிகளோடு காட்டுப்பாதையில் இறங்கி ஓடிவந்தார்கள்.

எல்லையிலுள்ள கம்பமெட்டுக்கு இந்தப் பக்கம், தமிழகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? கம்பம் பள்ளத்தாக்கில் கேரளத்தவரின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. கடை வைத்துப் பிழைத்தவருக்கும் அணையின் நீர்மட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? 144 தடை உத்தரவு வந்தது. கேரளத்துக்குச் செல்லும் குமுளிப் பாதை மூடப்பட்டது.

அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014 மே மாதம் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். அதற்கும் கல்லெறிந்தவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.