போராட்டத்தின் நடுவே புகழ்ச்சி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நம் வாழ்க்கை ஒரு போர்க்களம். வாளும் வேலும் ஏந்திச் செய்யும் போரன்று இது. உள்ளத்திற்குள் நடக்கும் ஞானப் போர். புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், இப்போருக்கு வேண்டிய ஆயுதங்களை எடுத்துரைக்கிறார். விசுவாசம் கேடயம், மீட்பு தலைச்சீரா, இறைவனின் வார்த்தை வாள். பொறாமை, சோம்பல், மனச்சோர்வு, கடவுள் நம்மைக் கைவிட்டு விட்டாரோ என்னும் ஐயம் ஆகியவையே நம் பகைவர். இப்பகைவர் சூழும்போது மன்றாட்டு நம் நாவில் தானாகவே வந்துவிடும். புகழ்ச்சியோ வருவதில்லை. அழும் நேரத்தில் கடவுளைப் புகழ்வது எப்படி?

நன்றிக்கும் புகழ்ச்சிக்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிந்துகொள்வோம். கடவுள் நமக்குச் செய்த நன்மைக்காகக் கூறுவது நன்றி. அவர் கடவுளாயிருப்பதற்காகவே அவரைப் போற்றுவது புகழ்ச்சி. இதுவே திருச்சபையின் போதனை. பரீட்சையில் தோற்றாலும், தந்தைக்கு வேலை போனாலும், வீட்டில் நோய் வந்தாலும் நம் நிலைதான் மாறுகிறது, கடவுள் மாறுவதில்லை. ஆகையால் புகழ்ச்சிக்கும் காரணம் குறைவதில்லை. இறந்தோருக்கான திருப்பலியிலும் நாம் ‘தூயவர்’ பாடுகிறோம் அன்றோ?

பிலிப்பி நகரச் சிறையை நினைத்துப் பார்ப்போம். சின்னப்பரையும் சீலாவையும் தடிகளால் அடித்து, உட்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நள்ளிரவில் அவர்கள் செபித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன்பின்னரே நிலம் அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. விடுதலை கிடைத்தபின் அவர்கள் பாடவில்லை. விலங்கோடு இருந்தபோதே பாடினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கதவு திறந்தும் அவர்கள் தப்பி ஓடவில்லை. சாகத் துணிந்த சிறைக்காவலனைத் தடுத்துக் காத்தார்கள். அவன் அன்றிரவே அவர்களுடைய காயங்களைக் கழுவி, தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றான்.

பிரான்சு நாட்டுப் புனித குழந்தை தெரேசம்மாள் 1888-ஆம் ஆண்டில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து. நம் வயதுதான்! 1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் காச நோயினால் அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. அதனினும் கொடிய சோதனை சில நாட்களில் தொடங்கியது. மோட்சம் உண்டா என்ற இருள் அவருடைய உள்ளத்தைச் சூழ்ந்தது. அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மோட்ச இன்பத்தைப் பற்றிக் கவிதைகளும் எழுதினார். அந்த இன்பத்தைத் தாம் உணரவில்லை என்றும், தாம் விசுவசிக்க விரும்புவதையே பாடுவதாகவும் வெளிப்படையாகக் கூறினார். 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், இருபத்து நான்காம் வயதில், கடவுளை நேசிப்பதாகச் சொல்லியே உயிர் நீத்தார். அவரைப் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார்.

ஆகவே தோழியரே, புகழ்ச்சி என்பது சிரித்து நடிப்பதன்று. சங்கீதங்களில் எத்தனையோ பாடல்கள் அழுகையில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் செபத்தில் வைத்திருக்கிறது. கண்ணீர் அவிசுவாசம் அன்று. கண்ணீரோடும் கடவுளை நோக்கித் திரும்பி நிற்பதே விசுவாசம்.

மனம் மகிழும் நாளில் பாடுவது எளிது. மனம் கனக்கும் நாளில், இரவு செபமாலையின் முடிவில், “பிதாவுக்கும் சுதனுக்கும்” என்ற திரித்துவப் புகழைப் பொருளுணர்ந்து ஒருமுறை சொல்வோம். குரல் தழுதழுத்தாலும் பரவாயில்லை. பிலிப்பியில் நடந்ததுபோல, பக்கத்தில் துன்புறும் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நம் புகழ்ச்சி அவருக்கும் ஆறுதலாகட்டும்!